காமாலை: பிறந்த குழந்தைக்கு இந்தச் சொல் பொருந்துமா?

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள். “கண்ணு மஞ்சளா இருக்கே” என்பார் பாட்டி. மருத்துவர் பார்த்துவிட்டு “ஜான்டிஸ்” என்பார். வீட்டார் அதை ‘மஞ்சள் காமாலை’ என்று புரிந்துகொண்டதும் பதற்றம் தொடங்கிவிடும். கீழாநெல்லி, பத்தியம், உப்பில்லாச் சோறு என்று பெரியவர்களின் காமாலைக்குச் சொல்வதெல்லாம் குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சேர்த்து வந்து நிற்கும்.

‘காமாலை’ வடமொழியின் ‘காமலா’விலிருந்து வந்தது, ஆயுர்வேதம் வழங்கும் நோய்ப்பெயர். ‘மஞ்சள்’ நாம் முன்னால் ஒட்டிக்கொண்டது. ஈழத்தில் செங்கமாரி என்பார்கள், செங்கண்மாரி என்பதன் பேச்சு வடிவம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. உண்மையில் கண்தான் மஞ்சளாக இருக்குமே தவிர, பார்ப்பதெல்லாம் பொதுவாக அப்படித் தெரியாது.

‘ஜான்டிஸ்’ பிரெஞ்சுக்காரர்களின் ‘ழோன்’, அதாவது மஞ்சள் என்ற சொல்லில் பிறந்தது. மருத்துவ நூல்களில் வரும் ‘இக்டெரஸ்’ கிரேக்கம். அதே பெயரில் ஒரு மஞ்சள் பறவையும் உண்டு. நோயாளி அதைப் பார்த்தால் குணமாவார், பறவை செத்துப்போகும் என்ற நம்பிக்கையை ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதர்வ வேதப் பாடல் ஒன்றும் நோயாளியின் மஞ்சளைக் கிளிகளிடம் அனுப்புகிறது. சூரியனையும் துணைக்கு அழைக்கிறது.

சூரியன் பின்னாளில் உண்மையாகவே வந்தது. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தைக்குத் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது, வெளிச்சம் பட்ட இடம் வெளுத்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் உடனிருந்தோரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார்கள். இன்று நம் ஊரில் “குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்” என்கிறோமே, அந்த நீல வெளிச்சம் இப்படி வந்ததுதான். தமிழில் ஒளிச் சிகிச்சை என்றால் போதும். காலை வெயிலில் காட்டுவது இதற்கு ஈடாகாது. எவ்வளவு ஒளி பட்டது என்று யாருக்கும் தெரியாது.

மஞ்சளைத் தருவது பிலிருபின். இலத்தீனில் ‘பித்தம்’, ‘சிவப்பு’ என்ற இரண்டும் சேர்ந்த பெயர். இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது இது உண்டாகும். பெரியவர்களின் சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள், பிறந்த குழந்தைக்கு 80, 90 நாள்தான். அணுக்களும் அதிகம், பிலிருபினை வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் வேலை பழகவில்லை. அதனால்தான் நிறைமாதக் குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கும், குறைமாதத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மஞ்சள் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் தோன்றும், ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம் தொடும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும்.

இதற்குத் தமிழ் என்ன? ‘மஞ்சணோய்’ நல்ல சொல்தான். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நோயே இல்லை. ‘மஞ்சளித்தல்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பச்சிளங்குழந்தை மஞ்சளித்தல்: ஓர் அறிகுறி, அவ்வளவுதான். காரணத்தைத் தேடுவது மருத்துவர் வேலை. கீழாநெல்லிச் சாறும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

அதற்காக “எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே” என்று விட்டுவிடவும் கூடாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் இரத்த வகை ஒத்துப்போகாதது காரணமாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலும், கீச்சென்று அழுது உடம்பை வில்லாக வளைத்தாலும் காத்திருக்கவே கூடாது. பிலிருபின் மிகுந்து மூளையின் உட்கருக்களில் படிவதற்கு ‘கெர்னிக்டெரஸ்’ என்று பெயர். ‘கெர்ன்’ என்றால் ஜெர்மனில் கரு. காது கேளாமை வரை கொண்டுபோய் விடும் அது.

பலரும் கவனிக்காதது மலத்தின் நிறம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கான அறுவைச் சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.