ரியுகு கல்லில் பாச்சை உருண்டை

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2020 டிசம்பரில் ரியுகு சிறுகோளிலிருந்து ஐந்து கிராமுக்குச் சற்று மேல் கறுத்த துகள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றில் நாஃப்தலீன் இருந்தது. துணி பீரோவில் போடும் பழைய பாச்சை உருண்டையின் சரக்கேதான். (இப்போது கடையில் விற்பதில் பல வேறு ரசாயனம், அது கிடக்கட்டும்.) பத்துக் கார்பன் அணுக்கள் இரண்டு அறுகோண வளையங்களாக ஒட்டிய மூலக்கூறு அது. அங்கே எப்படி வந்தது?

வழக்கமான விடை, வயதான விண்மீன்கள். கார்பன் மிகுந்த சிவப்பு அரக்கன் ஊதித்தள்ளும் சூடான வாயுவில் அசிட்டிலீன் துணுக்குகள் கூடி வளையமாகும். வளையத்தோடு வளையம் சேர்ந்து புகைக்கரியாகும். டீசல் எஞ்சினில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். ஆனால் கிளம்பிய சரக்கை வழியில் அதிர்ச்சி அலைகள் நொறுக்கிவிடுகின்றன. விண்மீன்கள் உண்டாக்குவதைவிட வேகமாக அது அழிகிறது என்கின்றன கணக்குகள். அப்படியானால் வேறு பிறப்பிடமும் இருக்க வேண்டும்.

2018-ல் விண்வெளி வேதியியலாளர் பிரெட் மெக்குவயரின் குழு, ரிஷப விண்மீன் குழுவிலுள்ள டிஎம்சி-1 என்ற குளிர்ந்த வாயு மேகத்தில் பென்சோநைட்ரைலை, அதாவது சயனோ வால் ஒட்டிய பென்சீன் வளையத்தை, கண்டதை அறிவித்தது. வெறும் பென்சீன் வளையம் சமச்சீரானது, ரேடியோ தொலைநோக்கிக்குச் சிக்காது. ஒரு சயனோ வால் (கார்பன்-நைட்ரஜன் ஜோடி) ஒட்டினால்தான் சுழலும்போது தன் அலைகளை வெளியிடும். 2024-ல் அதே மேகத்தில் நான்கு வளையமுள்ள சயனோபைரீனும் அகப்பட்டது. அங்கே வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி! இந்தக் குளிரில் சாதாரண வினைகள் நின்றுபோகும். ஆனால் காஸ்மிக் கதிர் பட்டு உண்டாகும் அயனிகளுக்கும், ஜோடியில்லாத எலக்ட்ரான் வைத்திருக்கும் சில ராடிக்கல்களுக்கும் தொடக்கச் சூடு வேண்டாம். மோதினாலே ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக் குளிரிலும் வளையங்கள் பிறக்கும் என்பதற்கு ரியுகு கல் சாட்சி சொன்ன விதம்தான் அழகு. நூறு கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்று, எடை கூடிய கார்பன்-13. ஒரே மூலக்கூறில் அப்படி இரண்டு தற்செயலாக எவ்வளவு சேரும் என்று கணக்கிடலாம். கனத்த இரண்டும் அடுத்தடுத்துப் பிணைந்தால் ஆற்றல் துளி குறையும். அந்தச் சின்ன லாபம் சூட்டில் எடுபடாது, கடுங்குளிரில்தான் செல்லும். 2023-ல் வெளியான அளவீட்டில் நாஃப்தலீன், ஃபுளோரான்தீன், பைரீன் மூன்றிலும் இந்த இரட்டைகள் கணக்கைவிட அதிகம். குளிர்ந்த மேகத்தில் பிறந்தவை என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது அரிது.

அதே துகள்களிலிருந்த ஃபினான்த்ரீன், ஆந்த்ரசீன் என்ற வேறு இரு வளைய மூலக்கூறுகளிலும் அந்த மிகை இல்லை. அவை சூட்டில் உருவானவையாகத் தெரிகிறது. அந்தச் சூடு விண்மீனுடையதாகவும் இருக்கலாம், சிறுகோளுக்குள்ளேயே ஏற்பட்டதாகவும் இருக்கலாம்.