ஹிட்ச்ஹைக்கர்: தமிழில் என்னவென்று சொல்வது?

கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பேச்சில் ‘ஹிட்ச்ஹைக்கர்’ என்ற சொல் அடிக்கடி அடிபடும். புதிதாக வாங்கிய பவளத் துண்டிலோ, தொட்டியில் போடும் ‘லைவ் ராக்’ என்ற பாறையிலோ தொற்றிக்கொண்டு, நாம் கேட்காமலே தொட்டிக்குள் வந்து இறங்கும் உயிர் எதுவானாலும் அதற்கு இந்தப் பெயர்தான்.

1920களில் அமெரிக்க ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. ‘ஹிட்ச்’ என்றால் கொக்கியோ கயிறோ போட்டு மாட்டுவது. ‘ஹைக்’ என்றால் நெடுந்தூர நடை. சாலையோரம் நின்று கட்டைவிரலை நீட்டி, போகிற வண்டியில் காசில்லாமல் ஏறிக்கொள்கிறவர் ஹிட்ச்ஹைக்கர். ஆனால் அவர் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார், வண்டிக்காரர் முடியாது என்றும் சொல்லலாம். தொட்டிக்கு வருகிறவை யாரையும் கேட்பதில்லை. பார்க்கப்போனால் நம் பேச்சில் இருக்கும் ‘வித்தவுட்’ இவற்றுக்கு இன்னும் கச்சிதம்.

லைவ் ராக் என்ற பெயரும் ஏமாற்றும். பாறைக்கு உயிர் கிடையாது; அது பெரும்பாலும் செத்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு. அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதன் துளைகளில் குடியிருப்பதால்தான் அதை வாங்குகிறோம். அதே துளைகளில் புழு, நத்தை, நண்டு எல்லாம் இருக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். பலரும் சட்டென்று சொல்வது ‘ஒட்டுண்ணி’. அது தவறு. ஒட்டுண்ணி என்றால் இன்னொரு உயிரின் உடம்பை ஒட்டி, அதையே உண்டு வாழ்வது. சிப்பியின் உடலில் குழலை நுழைத்து உறிஞ்சும் பிரமிடெல்லிட் நத்தைக்கு அந்தப் பெயர் தகும். ஐப்டேசியா என்ற கண்ணாடி போன்ற சிறு கடல் சாமந்திக்குத் தகாது. அது தன் உடலுக்குள் இருக்கும் பாசியின் துணையோடு வெளிச்சத்திலேயே பிழைக்கும், இரையும் பிடிக்கும். பவளத்துக்கென்று நாம் தரும் வெளிச்சமும் தீனியும் அதற்கும் போய்ச் சேரும், நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிவதுபோல. அது செய்யும் கெடுதல், பக்கத்துப் பவளத்தைக் கொட்டி இடம் பிடிப்பது. விரல் பட்டதும் பாறைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை இடுக்கியால் பிய்த்து எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த துணுக்குகள் ஒவ்வொன்றும் தனி ஐப்டேசியாவாக முளைத்து நின்றன. அப்புறம்தான் அதையே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தையைத் தேடிப் போனேன்.

தொட்டியில் கெடுதல் செய்யும் உயிரை ‘பெஸ்ட்’ (pest) என்பார்கள். அந்தச் சொல்லின் கதை வேறு. கொள்ளைநோயைக் குறித்த ‘பெஸ்டிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, அது தீர்ப்பு. ஹிட்ச்ஹைக்கர் என்பது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பெஸ்ட் என்பது என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில் அநியாயமாகச் சாவது பிரிஸில் புழு. இரவில் சிவப்பு டார்ச்சோடு தொட்டியைப் பாருங்கள்: பாறை இடுக்கிலிருந்து பாதி உடம்பை நீட்டி, இருபுறமும் வெள்ளை மயிர்முள் சிலிர்க்க, மிச்சத் தீனியைத் துழாவிக்கொண்டிருக்கும். செத்த மீனின் மேல் இதைப் பார்த்துவிட்டு இதுதான் கொன்றது என்பார்கள். பிணம் தூக்க வந்தவனைக் கொலைகாரன் என்பதுபோல. பவளம் தின்னும் நெருப்புப் புழுவும் இந்த வகையில் உண்டு என்பதால், பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், முள் தோலில் இறங்கிவிடும்.

ஆக, வந்த விதத்தை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். ‘தொற்றி’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தொற்று என்றாலே இப்போது நோய் நினைவு. ‘வந்தேறி’ மனிதர்களை ஏச எடுத்துக்கொண்ட சொல், எனக்கு வேண்டாம். புல்வெளியில் நடந்து வந்தால் துணியில் ஒட்டிக்கொண்டு வருவதை ‘ஒட்டுப்புல்’ என்கிறோம். புதிதாக வந்ததைப் ‘புதுவரவு’ என்கிறோம். இரண்டையும் சேர்த்தால் ‘ஒட்டுவரவு’. கெடுதல் செய்யும் ஒட்டுவரவை மட்டும் ‘தொல்லையுயிர்’ எனலாம்.

இந்த வேறுபாடு வேலைக்கும் உதவுகிறது. புதுப் பவளத்தை அயோடின் கரைசல் போன்றவற்றில் முக்கி எடுக்கும்போது ஊர்வன உதிரும், ஆனால் முட்டை சாகாது. அக்ரோபோரா என்ற பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, அதன் சதையில்லாத அடிக்கூட்டில் முட்டையை ஒட்டிவைக்கும். முட்டையைச் சுரண்டி எடுத்து, பவளத்தைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து, திரும்பத் திரும்ப முக்க வேண்டும். உதிர்ந்ததை அப்படியே கொட்டிவிடாமல் வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் பழக்கம். கடைசியாக எழுதியது: “ஒட்டுவரவு நான்கு. இரண்டு பிரிஸில் புழு, விட்டாயிற்று. ஒரு தட்டைப்புழு, தொல்லை. ஒரு குட்டி நண்டு, இன்னும் தெரியவில்லை, தனிக் கிண்ணத்தில் இருக்கிறது.”