மேட்டூரில் ஒரு டிஎம்சி வண்டல் என்றால் எத்தனை லோடு?

மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 1934-இல் கட்டி முடித்த காலத்துக் கணக்கு அது. செய்திகளில் இன்றும் அதே எண்தான் வருகிறது. தினமும் சொல்லப்படும் நீர் இருப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. நீர்மட்டத்தை அடியில் பார்த்து, அதற்கு நேராக அட்டவணையில் உள்ள டிஎம்சியை எடுத்துச் சொல்கிறார்கள். தரையில் வண்டல் ஏறினாலும் 120 அடி 120 அடிதான். அட்டவணையைத் திருத்தாதவரை, இல்லாத தண்ணீரும் இருப்பில் நிற்கும்.

வண்டலெல்லாம் அணையின் அடிமட்டத்தில், மதகுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஆறு தேங்கிய நீரைத் தொட்டதுமே வேகம் இழந்துவிடும். சரளையும் மணலும் ஆறு நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் தலைப்பிலேயே விழுந்து திட்டாகும். மேட்டூரில் அது ஒகேனக்கல்லுக்குக் கீழே உள்ள பகுதி. மெல்லிய களிதான் அணைச்சுவர் வரை நகர்ந்து வரும். ஆகவே முதல் பாதிப்பு மதகுக்கு மேலே உள்ள, பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரின் இடத்தில்தான்.

அளப்பதற்கு, அணை நிரம்பியிருக்கும்போது படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் அளக்கும் கருவி) வைத்துக் குறுக்குக் கோடுகளில் ஓட்டுவார்கள். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சேற்றைத் துளைத்துக் கெட்டித் தரையில் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், புதிதாகப் படிந்த இளஞ்சேற்றின் கனம். செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். அந்த ஆண்டின் குறைந்தபட்ச நீர்மட்டத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அது சொல்லாது.

'தூர்வாரினால் போயிற்று' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. மண் வியாபாரத்தில் ஒரு யூனிட் 100 கன அடி. ஆக, ஒரு டிஎம்சி வண்டல் ஒரு கோடி யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 33 லட்சம் லோடு. நாளுக்கு ஆயிரம் லோடு அள்ளினாலும் ஒன்பது ஆண்டு. வெட்டிய மண் உப்பும் என்பதால் லோடு இன்னும் கூடும். தரை காய்ந்து கிடப்பதோ கோடையில் சில வாரங்கள். 2017 வறட்சியில் விவசாயிகள் மேட்டூரில் வண்டல் அள்ளியது வயலுக்கு நல்லது. அணைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

அடிமதகைத் திறந்தால் சேறு தானாகப் போய்விடாதா? அணை நிறைந்திருக்கும்போது திறந்தால் மதகின் முன்னால் புனல் வடிவில் ஒரு குழி மட்டும் விழும். அதற்கும் பயனுண்டு: ஷட்டர் கதவு ஏறி இறங்கும் காடியில் (பள்ளத்தில்) களி இறுகினால் கதவு சரியாக இறங்காது, கசியும். குப்பை தடுக்கும் கம்பிவலையும் அடைத்துக்கொள்ளும். நீர்த்தேக்கம் முழுக்கச் சுத்தமாக வேண்டுமானால் நீர்மட்டத்தையே இறக்கி, ஆறு பழைய வேகத்தில் தரையை அரித்து ஓடும்படி விட வேண்டும்.

சீனாவின் மஞ்சளாற்றில் உள்ள சான்மென்ஷியா அணையில் இதைத்தான் செய்தார்கள். 1960-இல் நீர் தேக்கினார்கள். முதல் ஒன்றரை ஆண்டில் வந்த வண்டலில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே தங்கியது. பிறகு மலையைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் போட்டார்கள். நான்கு மின்நிலையக் குழாய்களை மதகுகளாக மாற்றினார்கள். கட்டுமானத்தின்போது அடைத்த எட்டு அடிவாய்களை மீண்டும் திறந்தார்கள். 1973 முதல் வெள்ளக்காலத்தில் மட்டத்தைத் தாழ்த்திக் கலங்கலை விட்டுவிட்டு, பின்னால் வரும் தெளிந்த நீரைத் தேக்குகிறார்கள்.

காவிரியில் இதை அப்படியே செய்வது கடினம். தென்மேற்குப் பருவமழையின் கலங்கல் வெள்ளம்தான் மேட்டூரை நிரப்புகிறது. அணையைத் தாழ்த்தி வைத்து அதை விட்டபின் மழை பொய்த்தால் சம்பாவுக்கு இருப்பே இருக்காது.