டிபெண்டன்சி: தமிழில் பணிச்சார்பு

திட்டமிடல் மென்பொருளில் ‘டிபெண்டன்சி’ என்பது இரு பணிகளுக்கு இடையே போடும் முடிச்சு. ஒன்று நடந்தால்தான் மற்றது நடக்கும். முன்னதை முற்பணி என்றும், அதற்காகக் காத்திருப்பதைப் பிற்பணி என்றும் சொல்லலாம். அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபாண்டில் 1957இல் உருவான ‘கிரிட்டிக்கல் பாத்’ முறை, ஒன்றையொன்று சார்ந்த பணிகளின் மிக நீண்ட தொடரைக் கொண்டு திட்டம் எப்போது முடியும் என்று கணக்கிடுவது; அதற்கு அடிப்படையே இந்த முடிச்சுதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘டெபெண்டெரே’: ஒன்றிலிருந்து கீழே தொங்குதல். தமிழில் சாய்தல், அடைதல், பொருந்துதல் எனப் பொருள்தரும் ‘சார்’ என்ற வினையடி இருக்கிறது, அதிலிருந்து சார்பு. இலக்கணத்தில் சார்பெழுத்தாக நமக்கு முன்பே பழகிய சொல். ‘நாடு’ என்பதில் ‘நா’ முன்னே நிற்பதால்தான் ‘டு’வின் உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது, குற்றியலுகரம் தனித்து வராது. பிற்பணியும் அப்படித்தான். இதைவிடப் பொருத்தமான சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை.

ஆனால் வெறும் ‘சார்பு’ போதாது. கணிதப் பாடநூலில் ‘ஃபங்ஷன்’ என்பதும் சார்புதான். ‘அவர் சார்பில்’ என்றால் பொருளே வேறு. ‘சார்புநிலை’ ஒரு நிலையைச் சொல்கிறது, இணைப்பைச் சொல்வதில்லை. எனவே பணிச்சார்பு.

வகைகள் நான்கு: முடிவு–தொடக்கம், தொடக்கம்–தொடக்கம், முடிவு–முடிவு, தொடக்கம்–முடிவு. சொந்த வேலைகளுக்குப் பெரும்பாலும், முற்பணி முடிந்தபின் பிற்பணி தொடங்கும் முதல் வகையே போதும்.

அதிகம் நடக்கும் பிழை, விருப்பமான வரிசையையும் சார்பாகப் பதிவது. முற்பணி முடியாமல் பிற்பணியைத் தொடங்கினால் என்ன கெடும் என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் சரியாக ஒட்டாது; அது சார்பு. எதுவும் கெடாது என்றால் அது முன்னுரிமை மட்டுமே. அதையும் முடிச்சுப் போட்டால், ஒரு பணி தள்ளிப்போகும்போது தொடர்பில்லாத பத்துப் பணிகளும் சேர்ந்து தள்ளிப்போகும்.

அடுத்தது வட்டச் சார்பு. அறிக்கை முடியக் கருத்துகள் வேண்டும், கருத்துகள் வர அறிக்கை வேண்டும் என்று இணைத்தால் மென்பொருள் ஏற்க மறுக்கும். குற்றம் முடிச்சில் இல்லை. ‘அறிக்கை’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பணிகள் இருக்கின்றன. வரைவு, கருத்து, இறுதி வடிவம் என்று மூன்றாகப் பிரித்தால் வட்டம் நேர்கோடாகிவிடும்.

காத்திருப்பு நேரத்தையும் கவனியுங்கள். பிரைமர் காய 24 மணி நேரம் என்று இடைவெளி கொடுக்கிறீர்கள். நாட்காட்டியோ திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 8 வேலைமணி. வெள்ளி மாலை பிரைமர் முடிந்தால், மென்பொருள் அந்த 24 மணியை மூன்று வேலைநாளாக எண்ணி, பெயின்டை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிடும். சுவர் ஞாயிறன்றும் காயும். இடைவெளியை வேலைநேரமாக அல்லாமல் கடிகார நேரமாகக் கொடுத்தால் பெயின்ட் திங்கள் காலையே தொடங்கும்.