வறண்ட பாலாற்றிலும் நகரும் ரசாயனங்கள்

வேலூரில் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்ளுச்செடியும்தான் தெரியும், தண்ணீரே ஓடாத ஆற்றில் விழுந்த கழிவு எங்கே போய்விடப் போகிறது என்றுதான் தோன்றும். போகும். எப்படி என்று பார்க்க ஆறுவரை போக வேண்டாம், சமையலறையே போதும்.

சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பாருங்கள். உப்பு முதல் தண்ணீரிலேயே போய்விடும். மஞ்சள் போகாது, அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெயும் பிளாஸ்டிக்கும்தான் பிடிக்கும். சிதையாத ரசாயனங்களிலும் இப்படி உப்பு ரகம், மஞ்சள் ரகம் உண்டு.

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி எல்லாம் மஞ்சள் ரகம். வண்டலில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்; 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அந்த மாதிரி வெள்ளம் வந்தால் வண்டலோடு கிளம்பிவிடும். ஆறு கடலில் சேரும் வயலூர் முகத்துவாரத்தில் உப்பு நீர் பட்டதும் களிமண் துகள்கள் திரண்டு அடியில் படியும், ஒட்டிவந்த ரசாயனத்தில் கணிசமான பங்கு அங்கேயே இறங்கும். அதைப் புழு தின்ன, புழுவை நண்டும் மீனும் தின்ன, படிக்குப் படி கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். சிலது வெப்பத்தில் ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் இறங்கும். ஆலையே இல்லாத வடதுருவப் பக்கத்து இனுயிட் தாய்மார்களின் பாலில் பிசிபி வந்தது இப்படித்தான். 2017இல் மரியானா அகழியின் அடியில், 10 கிலோமீட்டர் ஆழத்தில் வாழும் குட்டி உயிரிகளின் உடம்பிலும் அது இருப்பதைக் கண்டார்கள்.

உப்பு ரகத்துக்கு வெள்ளமே தேவையில்லை. பாலாறு மேலேதான் காய்ந்திருக்கிறது, மணலுக்கு அடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிய நம் பாட்டிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் குரோமியம் இரண்டு வேஷமும் போடும். பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் கொண்டது, பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்டதோ தண்ணீரில் கரைந்து ஓடும், விஷமும் அதுதான் அதிகம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின், இந்த ஆறு இணைதிறன் ரகம் கலந்த கழிவுமேட்டைக் கண்டு சுற்றுவட்டாரம் பயப்படுவது இதனால்தான்.

அப்புறம் பிஎஃப்ஏஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனக் கூட்டம், இதிலும் உப்பு ரகம் நிறைய. தோல் நனையாமலிருக்கப் பூசுவதிலும் உண்டு, ஒட்டாத தவா தயாரிப்பிலும் உண்டு. கார்பனும் ஃப்ளோரினும் கட்டிக்கொண்ட பிடியை நுண்ணுயிர்களால் அவிழ்க்க முடிவதில்லை. அதனால் நிலத்தடி நீரோடு ஆறு, ஆற்றோடு கடல் என்று போய்ச் சேரும். அங்கேயாவது அடங்குமா? அலை உடையும்போது குமிழிகளின் மேல் தொற்றிக்கொண்டு, சாரலாகக் காற்றில் ஏறிக் கரைக்கே திரும்புகிறது.