கிரவுட்சோர்சிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு வேலையையோ கேள்வியையோ பொதுவில் வைத்து, முகம் தெரியாத பலரிடமிருந்து விடை பெறுவதுதான் 'கிரவுட்சோர்சிங்'. வயதில் சின்னச் சொல். 2006 ஜூனில் வயர்டு என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழில் ஜெஃப் ஹோவ் எழுதிய கட்டுரைதான் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 'அவுட்சோர்சிங்' என்பதன் முன்பாதியைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைக் குறிக்கும் 'கிரவுட்' என்பதை மாட்டினால் சொல் தயார். வெளியாரிடம் வேலையை ஒப்படைக்கும்போது அது யார் கைக்குப் போகிறது என்பது முன்பே தெரியும். இங்கே தெரியாது. கேள்வியைப் பொதுவில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைக் 'கூட்டு முயற்சி' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். கூட்டு முயற்சியில் கூட்டாளிகள் யார் என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்ற உவமையும் சரிப்படவில்லை. தேரை எல்லோரும் ஒரே திசையில் இழுக்கிறார்கள். இங்கே ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், அதில் ஒன்று நகர்ந்தால் போதும்.

மருத்துவ ஆராய்ச்சியில் இதற்கு நல்ல சான்று ஃபோல்டிட். புரதம் எப்படி மடிகிறது என்பதைப் புதிராக்கி, வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்து ஆண்டுகளுக்கு மேல் தன் வடிவத்தைக் காட்டாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதை விளையாட்டுக்காரர்களிடம் விட்டார்கள். மூன்றே வாரத்தில், வடிவத்தைக் கண்டுபிடிக்கப் போதுமான மாதிரி கிடைத்துவிட்டது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படித்தவர்கள் அல்ல. 2011-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவர்களுடைய குழுக்களின் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் இருந்தன. இன்னொரு விஷயம்: ஒருவர் விட்ட இடத்திலிருந்து குழுவில் மற்றவர் தொடர்ந்ததால்தான் விடை வந்தது. ஆக, போட்டிக்குள்ளேயே கூட்டும் இருந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். என் தேர்வு 'திரள்வழித் திரட்டல்'. 'திரள்' என்றால் கூட்டம், கூடுவது; 'திரட்டு' அதன் பிறவினை. ஒரே வேரிலிருந்து இரண்டு பாதியும் வருகின்றன. நீளமாகப் பட்டால் 'திரள்திரட்டு' என்று சுருக்கலாம், ஆனால் நாக்குக் கொஞ்சம் புரள வேண்டும்.

இதோடு அடிக்கடி குழம்பும் இன்னொன்று 'திறந்த கூட்டாய்வு', அதாவது தரவையும் முடிவையும் எல்லோருக்கும் திறந்து வைத்துச் செய்யும் ஆய்வு. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: விடை யாருக்குச் சொந்தம்? எலை லில்லி மருந்து நிறுவனம் 2001-இல் தொடங்கிய இன்னோசென்டிவ் என்ற இணையத்தளத்தில், சிக்கலை யார் வேண்டுமானாலும் தீர்க்கலாம். தீர்த்தவருக்குப் பரிசு, தீர்வு பொதுவாகக் கேட்ட நிறுவனத்துக்கு. இது திரள்வழித் திரட்டல். காசநோய் மருந்துக்காக இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2008-இல் தொடங்கிய 'திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்பு'த் திட்டத்தின் நோக்கமோ தரவையும் முடிவையும் பகிர்ந்துகொள்வது. அது திறந்த கூட்டாய்வு. மனித மரபணுத் தொகுதியின் தரவை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்ற 1996 பெர்முடா உடன்பாடும் இந்தப் பக்கம்தான். அதில் திறந்தது தரவு, ஆய்வு செய்தவர்கள் தேர்ந்த விஞ்ஞானிகளே.

எழுதும்போது இப்படி வரும்: "ஊடுகதிர்ப் படங்களில் கட்டிகளை அடையாளம் காட்டும் வேலையைத் திரள்வழித் திரட்டலுக்கு விட்டார்கள்." பேச்சில் 'கிரவுட்சோர்சிங்' என்றே சொல்லிக்கொண்டிருப்போம், அதில் தப்பில்லை.