கடலுக்குப் போன கத்தியில் விழும் கரும்புள்ளி

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "துருவே பிடிக்காது என்று சொல்லி விற்ற மடக்குக் கத்தி ஒன்றை வாங்கி வள்ளத்தில் வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. வீட்டில் எவர்சில்வர் சொம்பு இருபது வருடமாகப் பளபளவென்று இருக்கிறது. கத்தியில் காந்தம் வேறு ஒட்டுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?"

படமும் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள். துடைத்த இடத்தில் ஊசியால் குத்தியது போலக் கரிய துளை. சுற்றியுள்ள உலோகம் அப்படியே மின்னுகிறது. முனையும் லேசாக உடைந்திருந்தது. அதில் வியப்பில்லை. வள்ளத்து எஞ்சினின் விசிறியில் சுற்றிய நைலான் கயிற்றை அறுக்க, பிளக்கில் படிந்த கரியைச் சுரண்ட, எண்ணெய் கேன் மூடியைத் திறக்க, இறுகிப்போன திருகை நெம்ப என்று நடுக்கடலில் எல்லாவற்றுக்கும் கைக்கு வருவது மடியில் இருக்கும் கத்திதான்.

அவரை ஏமாற்றியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. "காந்தம் ஒட்டினால் போலி" என்ற நம்பிக்கை பாத்திரக் கடையில் பிறந்தது. கத்திக்கு அது பொருந்தாது. நல்ல எவர்சில்வர் சொம்பில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் இருக்கும். நிக்கல் இரும்பு அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுவதால் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனால் அந்த உலோகம் மென்மையானது. அதில் கத்தி செய்தால் நாலு கயிறு அறுப்பதற்குள் மழுங்கிவிடும். கூர் நிற்க வேண்டுமானால் எஃகில் கார்பன் வேண்டும், அதைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்விக்கவும் வேண்டும். அப்படிக் கடினமாக்கிய எஃகில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சொம்பையும் கத்தியையும் வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடப்போய் 12.8% குரோமியம் கலந்த, துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்துகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். இது பலரும் பள்ளியில் படித்ததே.

கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பின் குளோரைடு அயனி, படலம் எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே துளைக்கிறது. நம் பாட்டிமார் உப்பைப் பீங்கான் ஜாடியில் வைத்ததற்கு இதைவிடச் சிறந்த காரணம் தேவையில்லை. துளைக்குள் கரையும் இரும்பும் குரோமியமும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகின்றன, அதாவது அமிலம் உண்டாகிறது. மின்னூட்டத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே வருகிறது. அமிலம் உலோகத்தைத் தின்னத் தின்ன, அமிலமும் பெருகுகிறது. ஆக்சிஜன் போதாமல் படலமும் உள்ளே உருவாக முடிவதில்லை. அதனால்தான் கத்தி முழுவதும் துருப்பிடிக்காமல் ஒரே இடத்தில் ஆழமாகக் குழி விழுகிறது.

கத்திக்கு இன்னொரு கேடு உள்ளிருந்தே வருகிறது. கூருக்காகச் சேர்த்த கார்பன், குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு துணுக்குகளாகக் கட்டிவைத்துக்கொள்கிறது. 17% குரோமியம் என்று எழுதியிருக்கலாம்; அதில் ஒரு பகுதி படலத்துக்கு உதவாமல் துணுக்குகளில் முடங்கிக் கிடக்கும்.

கார்பனுக்குப் பதில் வேறு எதைச் சேர்ப்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையைப் பல வருடமாக ரசித்துக்கொண்டிருக்கிறேன். நைட்ரஜன்! நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் அதே வாயு. அதன் அணுவும் கார்பனைப் போலச் சிறியது. இரும்பு அணுக்களின் இடுக்கில் புகுந்து எஃகைக் கடினமாக்குகிறது, குரோமியத்தையோ அந்த அளவுக்குப் பறிப்பதில்லை. குழி விழத் தொடங்கினால் அதன் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. கரையும் உலோகத்திலிருந்து வெளிப்படும் ஒவ்வொரு நைட்ரஜன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து அம்மோனியமாக மாறுகிறது. அமிலத்தை உண்டாக்கும் அயனிகளையே அது விழுங்கிவிடுகிறது! குழிக்குள் அமிலம் தணிகிறது, படலம் மறுபடியும் மூட வழி பிறக்கிறது. ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம் இது. குழி அரிப்பைத் தாங்கும் திறனைக் கணக்கிடப் பொறியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சதவீதக் குரோமியத்துக்கு 1 மதிப்பெண், மாலிப்டினம் என்ற உலோகத்துக்கு 3.3, நைட்ரஜனுக்கு 16.

பிறகு ஏன் எல்லாக் கத்தியிலும் நைட்ரஜன் இல்லை? உருகிய எஃகில் அது எளிதில் தங்குவதில்லை. எஃகு இறுகும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாக வெளியேறிவிடும். உயர் அழுத்த உலையில் உருக்க வேண்டும், செலவு அதிகம். அப்படி உருவான குரோனிடர் 30 என்ற ஜெர்மன் எஃகு முதலில் விமான எந்திரங்களின் பேரிங்குக்குப் போனது. அதே இனத்து எஃகு பின்னர்தான் மடக்குக் கத்திக்கு வந்தது.

நம் கடலோரத்துக்கு இத்தகைய ஆய்வு மிகவும் தேவை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவோடு போராடியே மூப்படைந்தது. 2022-இல் ரயிலை நிறுத்தினார்கள். 2025-இல் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பாலத்துக்கு ஒதுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்காவது மீனவரின் கத்திக்கும் தூண்டிலுக்கும் வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தூத்துக்குடி அன்பருக்கு: கரைக்கு வந்ததும் கத்தியை விரித்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மடங்கும் மூட்டில் உப்புநீர் தேங்கும், ஆக்சிஜன் எட்டாது. அரிப்பு அங்கேதான் ஒளிந்து வளரும். உலர்த்திய பின் மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அது விட்டுப்போகும் இரும்புத்தூள் தனியே துருப்பிடிக்கும். குழி விழுந்த இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும் என்பதால் நெம்புவதற்குத் தனியாக ஓர் இரும்புக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுக்கவும் மீன் அரியவும் உங்கள் கத்தி இன்னும் பல வருடம் உழைக்கும்.